மற்ற 9 பேருக்கு மன வலிமை இல்லையா?

கேள்வி: "சியாச்சினில் பனிக்கு அடியில் 6 நாள் புதைந்து கிடந்தும் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். உறைபனிக் குளிரில் ஒருவரைக் காப்பாற்றுவது மன வலிமைதானே? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?"

இந்தக் கேள்வியை இரண்டு நாளாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின் பனிமலையில் சோனம் போஸ்ட் என்ற ராணுவக் காவல் முகாமில், 19,600 அடி உயரத்தில், பனிச்சரிவில் 10 ராணுவ வீரர்கள் புதைந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன். அதில் 4 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. ஹனுமந்தப்பாவுக்குக் கர்நாடகத்தில் தார்வாட் பக்கம் ஒரு கிராமம். நாய்களை வைத்துத் தேடி, ஐஸை வெட்டி, 25 அடிக்குக் கீழே இருந்து அவரை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார்.

அவர் மன வலிமையால்தான் அத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று சொன்னால், மற்ற 9 பேருக்கு அது இல்லை என்று ஆகிவிடும். நீங்கள் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை, தெரியும். ஆனால் அந்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். மலையே இடிந்து விழுகிற மாதிரி ஐஸ் விழும்போது, யார் எந்த மூலையில் படுத்திருந்தார், மூச்சு விட அங்கே இடம் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. ஹனுமந்தப்பாவின் வீரத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டவன் நான்.

நான் அந்த பட்டாலியன் இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலேயே வேறு ஒரு பட்டாலியனில் இருந்தேன். 2007 கடைசியில் சியாச்சின் ஏறினேன். எந்த போஸ்ட் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அதுவரை தெரிந்த பெரிய குளிர், ட்ரெயினிங் எடுத்த நீலகிரி வெலிங்டன் குளிர்தான். 2003 நவம்பரிலேயே பாகிஸ்தானோடு சண்டை நிறுத்தம் வந்துவிட்டது, அதனால் நாங்கள் போனபோது எதிரி சுடவில்லை. சண்டை நடந்த காலத்திலேயே குண்டுபட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் உயரத்திலும் செத்தவர்கள்தான் அங்கே அதிகம்.

கீழே பேஸ் கேம்ப்பில் எல்லோரையும் போல, அங்கே காவல் தெய்வமாக வீரர்கள் கும்பிடும் ஓ.பி. பாபா கோயிலில் ரிப்போர்ட் செய்துவிட்டு, ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நடந்தோம். முதல் மாதம் நன்றாகவே இருந்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. அந்த உயரத்தில் பசியே எடுக்காது, தூக்கமும் வராது. ஸ்டவ் புகையில் துப்பினால் கறுப்பாக வரும். ஆறாவது வாரம் இடது கால் விரல்கள் வலிக்க ஆரம்பித்தன. நாலைந்து நாளில் வலி நின்றுபோனது. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. தொட்டால் தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வாரம்தான் வீட்டுக்கு போன் பேச எனக்கு முறை வந்தது. சில நிமிடம்தான். அம்மா "தைரியமா இருப்பா" என்றார்கள். "நல்லா இருக்கேம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

நீங்கள் மன வலிமை என்று எதைச் சொல்கிறீர்களோ, குளிர் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். உடம்பு சூட்டை நெஞ்சுக்குள் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் யோசனை குழம்பும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். சிலர் சூடாக இருக்கிறது என்று உடுப்பைக் கழற்றுவார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஒரு நாள் சாக்ஸ் மாற்ற உட்கார்ந்தவன், மாற்றாமல் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பயமோ சோர்வோ இல்லை. மனது ரொம்ப அமைதியாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அங்கே எதற்கும் தனியாகப் போகக் கூடாது, எப்போதும் இருவர் இருவராக ஜோடி. என் ஜோடி நாகர்கோவில்காரன். தினமும் ராத்திரி ஏதாவது ஒரு கேள்வி கேட்பான். அன்றைக்கு, "உங்க அக்கா பையன் பேரு என்னடே?" என்றான். எனக்கு வரவில்லை. நான் தூக்கி வளர்த்த பையன். ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோய் ஹவில்தாரைக் கூட்டி வந்தான். உசிலம்பட்டிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன். "பூட்டைக் கழட்டுடா" என்றார். "ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அவரே உட்கார்ந்து கழற்றினார். இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்து, கட்டையாக இருந்தது.

நர்சிங் அசிஸ்டென்ட் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்தார். தேய்க்கவில்லை, தீயில் காட்டவில்லை. உறைந்த இடத்தைத் தேய்த்தால் சதை கிழியும். தீயில் காட்டினால் உணர்வில்லாத தோல் வெந்துபோவதே தெரியாது. ரத்தம் திரும்பி வரும்போது வந்த வலியில் கத்தினேன். அப்புறம் என்னை நடக்கவே விடவில்லை, இளக வைத்த விரல் மறுபடி உறைந்தால் இன்னும் மோசம். மூன்றாம் நாள் வானம் திறந்ததும் சீட்டா ஹெலிகாப்டர் வந்தது. விசிறி நிற்காமலே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இரண்டு விரல் போனது. கால் இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது என் மனது இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். அவன் கேட்ட கேள்வியும் அண்ணன் கழற்றிய பூட்டும்தான். மன உறுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாதவன் பேஸ் கேம்ப்பைத் தாண்ட மாட்டான். ஆனால் அதை நம்பிக்கொண்டு வலியை மறைப்பவன்தான் முதலில் விழுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ராணுவத்துல ரம் குடிச்சுத்தானே குளிரைத் தாங்குறீங்க" என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். சாராயம் குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி வந்து சூடு மாதிரி தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். இதை எத்தனை முறை சொன்னாலும், கடைசியில் "கேன்டீன்ல ஒரு பாட்டில் வாங்கிக் கொடுங்க"வில்தான் பேச்சு முடிகிறது. ஓய்வுபெற்று வந்து ஒரு குடியிருப்பில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். 12 மணி நேரம் நிற்க வேண்டும், நாற்காலி கிடையாது. கால் விஷயத்தைச் சொல்லி ஒரு ஸ்டூல் கேட்டேன். "மிலிட்டரிக்காரர், நிக்க முடியாதா?" என்று அங்கே பொறுப்பில் இருந்தவர் கேட்டார். ஜனவரி 15 ராணுவ தினத்துக்கு என்னைத்தான் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் இதை எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் வீட்டிலிருந்து யாரோ மேலே போகப் போகிறார்கள் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். தம்பியோ, கட்டிக்கொள்ளப் போகிறவரோ, யாராக இருந்தாலும் சரி, போன் வரும்போது "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். இன்றைக்கு சாக்ஸ் மாற்றினாயா, என்ன சாப்பிட்டாய், விரலைத் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். மழுப்பினால், போனை ஜோடியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.