வாசகர் கேள்வி – பதில்: குமாரி கமலா ஆடிய காலம்

திரையில் பரதம் ஆடியவர்களில் குமாரி கமலாவுக்கு இணை சொல்வது கடினம் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைத் தொட்டு வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகி, ராயபுரம்: எங்கள் வீட்டில் எந்தப் பெண் குழந்தை கொஞ்சம் ஆடிக் காட்டினாலும், ‘பெரிய குமாரி கமலான்னு நெனப்பு’ என்பார் என் பாட்டி. யார் அந்தக் கமலா? விரிவாக எழுதுங்களேன்.

உங்கள் பாட்டி மட்டுமல்ல, அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடனம் என்றாலே ஒரு பெண்ணின் பெயர் நாக்கில் வரும்படி புகழ் பெறுவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

கமலா 1934இல் மாயவரத்தில் பிறந்தார். சிறு வயதில் பம்பாயில் லச்சு மகராஜிடம் வட இந்திய நடனமான கதக் கற்றார். நான்கைந்து வயதிலேயே படங்களில் சிறு வேடங்களில் தோன்றினார். 1939இல் வந்த ‘ராமநாம மகிமை’ அவற்றுள் ஒன்று. பிறகு சென்னைக்கு வந்து காட்டுமன்னார்கோவில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும், அவருக்குப் பின் வழுவூர் ராமையா பிள்ளையிடமும் பரதம் பயின்றார். வழுவூரும் மாயவரத்துக்குப் பக்கத்து ஊர்தான். 1944இல் ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் அவர் ஆடிய பாம்பாட்டமும், அடுத்த ஆண்டு எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வில் அவர் ஏற்ற கண்ணன் வேடமும் அவரை ஊரறியச் செய்தன.

ஆனால் பாட்டியின் வாயில் அந்தப் பெயரைப் பதித்தது, என் கணிப்பில், 1947 பொங்கலையொட்டி வந்த ஏவி. மெய்யப்பனின் ‘நாம் இருவர்’ படம்தான். டி. கே. பட்டம்மாள் பாட, ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோமென்று’ என்ற பாரதியின் பாட்டுக்குக் கமலா ஆடினார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆனால் கொட்டகைக்குள் அது வந்துவிட்டது. காந்தியைப் புகழும் பாட்டுக்கும் அதே படத்தில் அவர் ஆடினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயில்களுக்குப் பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்த சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதும் அதே 1947இல்தான். அதற்கு முந்தைய பல ஆண்டுகளாகவே, அந்தப் பெண்கள் ஆடிவந்த, பரதத்தின் முன்வடிவமான சதிரைப் பற்றி இகழ்ச்சியாகப் பேசியவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். ‘நம் வீட்டுப் பெண் சலங்கை கட்டுவதா’ என்று கேட்டவர்கள் அதைவிட நிறைய. அத்தகைய குடும்பங்கள், தேசபக்திப் பாட்டுக்கு ஒரு சிறுமி முழங்கால் மடித்து அரைமண்டியில் அமர்ந்து ஆடுவதைக் கொட்டகையில் பார்த்துவிட்டு, மறு மாதமே நடன ஆசிரியர்களான நட்டுவனார்களின் வீட்டைத் தேடிப் போயினர் என்பது அந்தக் காலத்தைக் கண்டவர்கள் பலரும் சொல்லும் செய்தி. சபாக்களும் அறிஞர்களும் மேடையில் வாதாடி முடிக்காததைத் தரை டிக்கெட் பார்வையாளர் கூட்டம் முடித்துவைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாக் கொண்டாட்டங்களில் ஆடும் அழைப்பு அவருக்கு வந்தது. 1968இல் சங்கீத நாடக அகாடமி விருது, 1970இல் பத்மபூஷண் என்று சிறப்புகள் தொடர்ந்தன. 1980இல் அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்து, அங்கேயே பள்ளி நடத்திப் பல ஆண்டுகள் கற்பித்தார். அந்நாட்டு அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது 2010இல் அவருக்கு வழங்கப்பட்டது.

வாசகர், தண்டையார்பேட்டை: பத்மினியும் வைஜெயந்திமாலாவும் நடனத்திலிருந்து வந்துதான் கதாநாயகி ஆனார்கள். கமலாவால் ஏன் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை?

பிடிக்க முடியவில்லை என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ‘சிவகங்கைச் சீமை’, ‘பாவை விளக்கு’ போன்ற படங்களில் கமலாவுக்கு நல்ல வேடங்கள் இருந்தன. வைஜெயந்திமாலா 1949இல் ‘வாழ்க்கை’யில் அறிமுகமானபோதே நாயகி; கமலாவோ குழந்தையாகவே திரைக்குப் பழகிப்போனவர். பாட்டு வரும்போது வந்து, ஆடி, படத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறவர் என்று தயாரிப்பாளர்கள் அவருக்கு ஓர் இடம் வகுத்துவிட்டார்கள். தமிழிலும் பிற மொழிகளிலுமாக ஏறத்தாழ நூறு படங்கள் அப்படியே கடந்தன.

அதனால் நட்டம் அவருக்கா, நமக்கா என்று கேட்டால், ஒருவருக்கும் இல்லை என்பேன். நாயகியாகியிருந்தால் ஆண்டுக்கு ஐந்து படம், இரவு பகலாகப் படப்பிடிப்பு என்று போயிருக்கும்; மார்கழிக் கச்சேரி மேடையில் இரண்டரை மணி நேரம் முழு மார்க்கம், அதாவது ஒரு பரத நிகழ்ச்சியின் எல்லா உருப்படிகளும், ஆடுவதற்கு உடம்பும் மனமும் எங்கே இருந்திருக்கும்? வைஜெயந்திமாலா திரையை விட்டு விலகிய பிறகுதான் பரதத்துக்கு முழுமையாகத் திரும்பினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாசகர், ஏழுகிணறு: ‘சபாஷ், சரியான போட்டி’ நடனத்தில் ஆடியது கமலாதானே? நண்பரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அது 1958இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’; ஆடியவர்கள் பத்மினியும் வைஜெயந்திமாலாவும். பாடியவர்கள் பி. லீலாவும் ஜிக்கியும். நீங்கள் மனதில் வைத்திருப்பது 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யாக இருக்கலாம், அதில் கமலாவும் குசலகுமாரியும் போட்டி போட்டு ஆடியிருப்பார்கள்.

வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை: சினிமாவில் ஆடியது உண்மையான பரதம் ஆகாது என்கிறார் என் மகளின் நடன ஆசிரியை. சரியா?

பாதி சரி. மேடையில் பரத நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணம் முக்கால் மணி நேரம் ஓடும். திரைப்பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். ஒரு வரியின் கருத்தைக் கதைபோல விரித்து அபிநயிக்கும் சஞ்சாரிக்கு இடமில்லை. ஒரே வரியைப் பத்து விதமாக அபிநயித்துக் காட்ட இயக்குநர் பொறுமை காட்டமாட்டார். இந்த அளவில் ஆசிரியை சொல்வது உண்மை.

ஆனால் கமலாவின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, ஒலியை நிறுத்திவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். அவருடைய குரு வழுவூர் ராமையா பிள்ளையின் பாணிக்குரிய கூறுகள் அத்தனையும் அதில் கிடைக்கும்: பாதம் தரையில் முழுதாகப் பதிகிற தட்டடவு, சட்டென்று எழும் துள்ளல், தரையோடு அமர்ந்து இடுப்பை வளைத்துச் சிற்பம்போல ஒரு நொடி நின்றுவிட்டு, தாளம் தவறாமல் அடுத்த ஜதியை, அதாவது சொற்கட்டை, எடுக்கிற லாகவம். அந்தக் காலக் கேமரா பெரும்பாலும் எட்ட நின்று, தலை முதல் பாதம் வரை ஒரே சட்டத்துக்குள் அடக்கிப் படம் பிடித்தது. ஆடுகிறவர் தப்பு செய்தால் மறைக்க வழியில்லை. இன்றைய படங்களில் கண் ஒரு துண்டு, இடுப்பு ஒரு துண்டு, பாதம் ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டுகிறார்கள்; அதைப் பார்த்துப் பழகியவர்கள் பழையதையும் சேர்த்துத் தள்ளுவது நியாயமில்லை.

வாசகர், மண்ணடி: பாலசரஸ்வதி எங்கள் ஜார்ஜ் டவுன்காரர். அவர் ஏன் படத்தில் ஆடவில்லை?

வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரஸ்வதியின் குடும்பம் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தது உண்மை. நீங்கள் உரிமை கொண்டாடலாம். அவருடைய பெருமை அபிநயத்தில் இருந்தது. பாடிக்கொண்டே, நின்ற இடத்தில், கண்ணாலும் கையாலும் ஒரு பதத்தை (அபிநயத்துக்கான பாடலை) மெல்ல மெல்ல அவிழ்க்கிற அந்தக் கலைக்கு நான்கு நிமிடப் பாட்டு எந்த மூலைக்குப் போதும்? சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படம் எடுத்தார். திரையில் அவரைக் காண விரும்புகிறவர்கள் அங்கே காணலாம்.

வாசகி, வியாசர்பாடி: என் எட்டு வயது மகள் கைபேசியில் கமலாவின் நடனத்தைப் பார்த்துவிட்டுப் பரதம் கற்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். செலவு தாங்குமா, எங்கே சேர்ப்பது?

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் கற்பிக்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. முதலில் அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் சேர்ப்பதானால், சேர்ந்த மூன்றாம் மாதமே ஆண்டுவிழா மேடை ஏற்றுகிறோம் என்று சொல்லும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். முதல் ஓராண்டு அடிப்படை அசைவுகளான அடவு மட்டுமே நடக்கும், பிள்ளை சலித்துக்கொள்வாள், நீங்கள் சலித்துக்கொள்ளக் கூடாது. சலங்கையையும் முதல் நாளே வாங்கிவிட வேண்டாம். அடவுகள் படிந்த பிறகு, ஆசிரியர் சொல்லும் நாளில், சலங்கை பூஜை செய்து கட்டிக்கொள்வதுதான் வழக்கம்.