சுருண்டு கொட்டும் தூண்டில் நரம்பு

கேள்வி: தூண்டில் கோலில் மாட்டி நரம்பைச் சுற்றிவைக்கும் சிறிய ஸ்பின்னிங் ரீலில், 12 பவுண்டு எடை தாங்கும் நைலான் நரம்பு போட்டிருக்கிறேன். வீசும்போது வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்குகிறது. வீட்டில் இருக்கும் பழைய நரம்போ லேசாக இழுத்தாலே அறுகிறது. ஏன்?

பதில்: தடிமன்தான் முதல் காரணம். சின்ன ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் பகுதி) தடித்த நைலான் சுருண்ட வாக்கிலேயே நின்றுவிடும். லேசான தூண்டிலுக்கு 4 முதல் 6 பவுண்டு போதும், ஏறத்தாழ 0.18 முதல் 0.23 மி.மீ. அட்டையில் பவுண்டோடு மி.மீ.யையும் பாருங்கள். ஒரே பவுண்டுக்கும் தயாரிப்புக்குத் தயாரிப்பு தடிமன் மாறும்.

ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை மட்டும் சுற்றுங்கள். அதற்கு மேல் போனால் கொட்டும். மிகவும் குறைந்தால் வீச்சு தூரம் போகாது. ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். பத்துப் பதினைந்து சுற்றானதும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால், நரம்பு வந்த உருளையை மறுபக்கம் திருப்பி வைத்துத் தொடருங்கள்.

பழைய நரம்பைக் கெடுத்தது பெரும்பாலும் வெயிலாக இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் நைலான் பலமிழக்கும். ஜன்னலோரமும் காருக்குள்ளும் வேண்டவே வேண்டாம். இருட்டான, உலர்ந்த அலமாரிதான் சரி. உப்புத்தண்ணீரில் பயன்படுத்தியிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் நுனி 2 மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், கரையில் விடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.