104 ஆட்டங்களையும் பார்த்தே தீர வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. 1994-இல் சிறுவனாக இருந்தபோது தொடங்கி இன்றுவரை ஒரு கால்பந்து உலகக் கோப்பையையும் விட்டதில்லை. அட்டவணையைச் சுவரில் ஒட்டி, கோல் அடித்தவர் பெயரையெல்லாம் எழுதி வைத்த ஆள் நான். இந்த முறை, 2026 போட்டி தொடங்கச் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மனதில் ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் வார இறுதியில் கிளப் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். 48 அணிகள், 104 ஆட்டங்கள், டிக்கெட் விலை, எதைப் படித்தாலும் எரிச்சல்தான் வருகிறது. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி யார் ஜெயிப்பார்கள் என்று கணித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. 12 வயது மகன், “நாம எந்த டீம்ப்பா?” என்று கேட்கிறான். அவன் எதிரில் உற்சாகமாக இருப்பதுபோல் நடிக்கிறேன். எனக்கு வயதாகிவிட்டதா, ஆட்டம் கெட்டுப்போய்விட்டதா? வலிய உட்கார்ந்து பார்த்தால் பழைய ஆர்வம் திரும்புமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வயதின் மேல் பழி போடாதீர்கள். கால்பந்தே அலுத்துப்போனவர் கிளப் ஆட்டத்துக்கு முன்னால் அப்படி உட்கார மாட்டார். உங்களுக்கு அலுத்திருப்பது இந்த ஒரு போட்டி மட்டும்தான். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் உங்களுக்கு வெளியே இருக்கின்றன.

உங்கள் முதல் உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். 1994-இல் நடந்த ரஷ்யா – கேமரூன் ஆட்டம் நினைவிருக்கிறதா? ஓலெக் சலென்கோ ஒருவரே ஐந்து கோல் அடித்தார். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதே ஆட்டத்தில் கேமரூனுக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் ரோஜர் மில்லா, அப்போது அவருக்கு வயது 42. ரஷ்யா 6-1 என்று ஜெயித்தது. ஆனாலும் இரண்டு அணிகளும் அந்தச் சுற்றோடு மூட்டை கட்டின. மறுநாள் சவூதியின் சயீத் அல் ஒவைரான் தன் பாதியில் பந்தை வாங்கி, பெல்ஜியம் வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டி ஓடி, கோலுக்குள் தள்ளினார். யார் இவர், எந்த கிளப்பில் ஆடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த பெரும்பாலோருக்குத் தெரியாது. அடுத்து எப்போது பார்ப்போம் என்பதும் தெரியாது. உலகக் கோப்பையின் சுவையில் பாதி அந்தத் தெரியாமையில்தான் இருந்தது.

மறு வருடமே ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வீரர்களை இத்தனை பேர்தான் களமிறக்கலாம் என்று அங்கே இருந்த கட்டுப்பாடு போனது. நல்ல வீரர்கள் எல்லாம் ஐரோப்பாவின் நாலைந்து லீக்குகளில் வந்து குவிந்தார்கள். அந்த லீக்குகள் டிவி வழியாக உலகம் முழுக்கப் போயின. பெரிய அணிகளின் 11 பேரில் பெரும்பாலோரை இன்று நீங்கள் வாராவாரம் பார்க்கிறீர்கள். யார் இடது காலில் அடிப்பார், யார் பெனால்டிக்கு ஓடி வரும்போது நின்று நின்று வருவார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சேர்ந்து பயிற்சி எடுக்கக் கிடைக்கும் நாட்கள் தேசிய அணிக்குக் குறைவு, கிளப்புக்கு ஒரு சீசன் முழுக்க இருக்கிறது. ஆட்டத் தரத்தில், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசிச் சுற்றுகளை உலகக் கோப்பை எட்டுவது அரிது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அப்புறம், இந்த 48 அணி விவகாரம். இங்கே உங்களோடு கொஞ்சம் சண்டை போடுகிறேன். கூடுதல் அணிகள் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று பொதுவாகப் பேசுகிறோம். குரூப்பில் மூன்றாமிடம் பிடித்த அணிகள் சிலவற்றுக்கும் அடுத்த சுற்றில் இடம் என்ற விதி ஒன்றும் புதிதில்லை, 1994-இலேயே இருந்தது. அப்போது 24 அணிகளில் 16 அணிகள் முன்னேறின. இப்போது 48-இல் 32. அதே மூன்றில் இரண்டு பங்குதான். 1994-இல் குரூப் இ-யில் மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நான்குமே 4 புள்ளிகளோடு முடித்தன, கோல் வித்தியாசமும் நான்குக்கும் பூஜ்யம். அடித்த கோல் குறைவு என்று நார்வே மட்டும் வெளியேறியது. மூன்றாமிடத்தில் தப்பிய இத்தாலி இறுதி ஆட்டம் வரை போனது. அந்த இறுதி ஆட்டத்தில் பாஜியோ தவறவிட்ட பெனால்டியை நாம் பார்த்ததே மூன்றாமிட விதியின் புண்ணியத்தில்தான்.

ஆனால் உங்கள் எரிச்சலில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1998 முதல் 2022 வரை இருந்த 32 அணி முறையில் முதல் இரண்டு இடங்களுக்கு வெளியே எதற்கும் மதிப்பில்லை. 2022-இல் கத்தாரில் குரூப் சுற்றின் 48 ஆட்டங்கள் 16 அணிகளை வெளியேற்றின. இந்த முறை குரூப் சுற்றில் 72 ஆட்டங்கள், வெளியேறப்போவது அதே 16 அணிகள்தான். கூட்டிய 24 ஆட்டங்களில் கூடுதலாக ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சூடு குறைகிறது என்று உங்கள் மனம் சொல்வது கணக்கிலும் சரியாகத்தான் வருகிறது.

2022 டிசம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஜப்பான் – ஸ்பெயின், ஜெர்மனி – கோஸ்டாரிகா. கோட்டைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பந்தை ஜப்பானின் மிட்டோமா கால் நீட்டி உள்ளே இழுத்தார், தனாகா கோலாக்கினார். சில மில்லிமீட்டர் பந்து கோட்டின் மேல் இருந்ததாக வி.ஏ.ஆர் என்ற வீடியோ பரிசீலனை சொன்னது. கொஞ்ச நேரத்தில் கோஸ்டாரிகா 2-1 என்று முந்தியபோது, மூன்று நிமிடங்கள் போல ஸ்பெயினும் ஜெர்மனியும் சேர்ந்தே வெளியே நின்றன. கடைசியில் ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் ஊருக்குத்தான் போனது. மூன்று ஆட்டங்களில் 4 புள்ளி, மூன்றாமிடம். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அந்த இரவும் இருந்திருக்காது.

டிக்கெட் விலை பற்றிய கோபத்தைத் தணிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு கத்தாரில் அதிகபட்சம் சுமார் 1,600 டாலர். இந்த முறை முதலில் அறிவித்த அதிகபட்சமே 6,730 டாலர். ஐரோப்பிய ரசிகர்களின் கூட்டமைப்பு இதைப் பெரும் துரோகம் என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அணிகளின் விசுவாச ரசிகர்களுக்கென்று 60 டாலரில் கொஞ்சம் டிக்கெட்டுகளை ஃபிஃபா ஒதுக்கியது. நீங்கள் நேரில் போகப்போவதில்லை, இருந்தாலும் உறுத்துகிறது. உறுத்தட்டும். ஏற்பாட்டாளர்கள் மீதுள்ள கோபத்தை ஆட்டத்தின் மீது காட்ட வேண்டியதில்லை, அதற்காகக் கோபத்தை விழுங்கவும் வேண்டியதில்லை.

களைப்பு என்று ஒன்றும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்களின் எண்ணிக்கை தாங்க முடியவில்லை, வீரர்கள் வேலைநிறுத்தம் வரை போகக்கூடும் என்றார். சில நாட்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனின் பெரும்பகுதியை இழந்தார். போன கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை வேறு நடந்தது. வீரர்கள் ஆடிய அத்தனையையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர்களுக்குக் களைப்பென்றால் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும்தானே?

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வலிய உட்கார்ந்து பார்க்காதீர்கள். ஜூன் 11 முதல் 27 வரை 17 நாட்களில் 72 ஆட்டங்கள், சில நாட்களில் ஆறு. அதைக் கடமையாக எடுத்துக்கொண்டால் இரண்டாவது வாரமே கால்பந்தின் மீது வெறுப்பு வரும். ஒரே ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். நான்கு அணி, ஆறு ஆட்டம். அந்த ஆறையும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, கையில் ஃபோன் இல்லாமல் பாருங்கள். மற்றவற்றின் ஸ்கோரைத் தெரிந்துகொண்டால் போதும். நான்கு அணியின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது, எந்த கோல் யாரைக் கவிழ்க்கும் என்பது உங்களுக்குத் தானாகத் தெரியவரும். 32 அணி காலத்திலும் நமக்கு சுவாரசியம் தந்தது அதுதான்.

என்னைக் கேட்டால் குரூப் ஜே என்பேன். அர்ஜென்டினா, அல்ஜீரியா, ஆஸ்திரியா, முதன்முறையாக வரும் ஜோர்டான். அர்ஜென்டினாவுக்காகச் சொல்லவில்லை. 1982-இல் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்கு ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஆஸ்திரியாவும் சேர்ந்து முன்னேறும், முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்திருந்த அல்ஜீரியா வெளியேறும் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு இரண்டு அணிகளும் பெரும்பாலும் பந்தை உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அரங்கில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் ஆட்டம் விலைபோய்விட்டது என்பதுபோல் பணத்தாள்களை அசைத்துக் காட்டினார்கள். அந்த ஆட்டத்தால்தான் குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற வழக்கம் வந்தது. இப்போது ஜூன் 27 அன்று, குரூப்பின் கடைசி நாளில், அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் நேருக்கு நேர் மோதுகின்றன. மூன்றாமிடமும் போதும் என்ற விதி இருப்பதால், ஒரு டிரா இருவரையும் காப்பாற்றும் நிலை வரவும் வாய்ப்பிருக்கிறது. அப்படி வந்தால் அல்ஜீரியா என்ன செய்யும்? எனக்கு அந்த ஒரு ஆட்டத்துக்காகவே இந்த குரூப் போதும்.

மகன் விஷயத்தில் நடிப்பை இன்றே விட்டுவிடுங்கள். 12 வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். “எனக்கு இந்த முறை அவ்வளவாகத் தோன்றவில்லை, நீ ஒரு டீம் சொல்லு” என்று அவனிடமே விடுங்கள். அவன் நாட்டைப் பார்க்காமல் ஒரு வீரரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உதட்டைப் பிதுக்காதீர்கள். அவன் தலைமுறை அப்படித்தான் கால்பந்துக்குள் நுழைகிறது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் கரீபியன் தீவான குராசோவைக் காட்டுங்கள். சுமார் ஒன்றரை லட்சம் மக்கள்தொகை, உலகக் கோப்பைக்கு வந்ததிலேயே மிகச் சிறிய நாடு. வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கடைசி தகுதி ஆட்டத்தில் ஜமைக்காவில் போய் 0-0 என்று பிடித்து நின்றார்கள். ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஜமைக்காவுக்குக் கொடுத்த பெனால்டியை வி.ஏ.ஆர் பார்த்துவிட்டு நடுவர் ரத்து செய்தார். ஜூன் 14 அன்று அவர்களுக்கு முதல் ஆட்டம், எதிரில் ஜெர்மனி. 48 அணிகள் என்று முறையிட்டுக்கொண்டே இருக்கும் நமக்கு, 48 அணிகள் இல்லாவிட்டால் இந்த ஆட்டமும் இருந்திருக்காது என்பது சங்கடம்தான்.

வாட்ஸ்அப் குழுவில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: கணிப்புக்கு நான் இல்லை, காலிறுதியிலிருந்து வருகிறேன். இன்னும் இரண்டு பேர் “நானும்” என்று எழுதுவார்கள் என்பது என் ஊகம். யாரும் முதலில் சொல்ல விரும்பாததால் எல்லோரும் பட்டாசு எமோஜி போட்டுக்கொண்டிருக்கும் குழுக்கள் ஏராளம்.

காலிறுதி வந்தும் மனம் ஒட்டவில்லையா, சரி, விட்டுவிடுங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதற்காகப் போங்கள், திரையில் எது ஓடினால் என்ன. உங்களுக்குக் குறை போட்டியின் பருமன்தான் என்றால் அடுத்த வருடம் பிரேசிலில் பெண்கள் உலகக் கோப்பை இருக்கிறது: 32 அணி, 64 ஆட்டம், குரூப்பில் முதல் இரண்டு இடத்துக்கு மட்டும் அடுத்த சுற்று. 2031-இலிருந்து அதையும் 48 ஆக்கப்போகிறார்கள். அந்தப் பழைய கணக்கில் ஒரு போட்டி பார்க்க வேண்டுமானால் 2027-ஐ விட்டுவிடாதீர்கள். பார்த்த பிறகு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.