வீட்டில் பணம் கொடுத்துத் தங்க வருகிறவர்களுக்குக் கூடுதலாக என்ன செய்து வைக்கலாம்?

மாடியில் இரண்டு அறை தயார் செய்திருக்கிறீர்கள், சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் வருகிறவர்கள் மனம் குளிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைச் சொல்லவில்லை. பதில் எழுதியவர்கள் பலரும் வாசனை மெழுகுவத்தி, சாக்லேட், அன்னப்பறவை போல மடித்த துண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது சரியாக இருக்கலாம்.

நான் இருப்பது வேலூர் தோட்டப்பாளையத்தில். எங்கள் மாடிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது, இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், திரிபுராவிலிருந்தெல்லாம் ஆட்களை இழுக்கிறது. காந்தி ரோட்டுக் கடைகளில் பெங்காலியில் போர்டு இருக்கும். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று வருகிறவர்கள் சில நேரம் மூன்று மாதம் இருக்கும்படி ஆகிவிடும்.

2011-ல் அறை விட ஆரம்பித்தபோது நானும் புது நான்ஸ்டிக் தவா, கத்தி செட், காய் நறுக்கும் பலகை, ரோஜா வாசனை ஸ்பிரே எல்லாம் வாங்கி அடுக்கினேன். முதலில் வந்தது முர்ஷிதாபாத் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா, இருபது வயதுகூட ஆகாத பெண். பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய்.

இரண்டாம் நாள் அந்த அம்மா படியிறங்கி வந்து, “திதி, பொட்டி, பொட்டி” என்றார். திதி என்றால் அக்கா, அது தெரியும். துணி வைக்கப் பெட்டி கேட்கிறார் என்று நினைத்து சூட்கேஸைக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, அதில் ரத்தம் ஊறியிருந்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலால் எதையோ அழுத்துவது போலச் செய்து, முன்னால் ஒரு கையை நட்டமாக நிறுத்திக் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அரிவாள்மனை!

பரணில் என் அம்மாவின் அரிவாள்மனை கிடந்தது. அது என்னிடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அம்மா போனபின் பாத்திரங்களைப் பிரித்தபோது பித்தளை அண்டா, வெண்கல உருளி, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் அண்ணி எடுத்துக்கொண்டார். “நீ நின்னுக்கிட்டு சமைக்கிறவ, உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றார். கடைசி வரை அம்மாவுக்கு மருந்து கொடுத்தது நான். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் தொடாமல் கிடந்ததால் அரிவாள்மனை எனக்கு வந்தது. இன்றுவரை அது ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா அதைக் கழுவி, பலகையில் கால் வைத்து உட்கார்ந்து, கட்லா மீன் தலையை இரண்டு கையாலும் பிடித்து அலகில் அழுத்தினார். ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளந்தது. வந்ததிலிருந்து அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். இப்போது அறைக்கொரு அரிவாள்மனை இருக்கிறது. அத்துடன் கால் லிட்டர் கடுகு எண்ணெய், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, மைசூர்ப் பருப்பு, புழுங்கலரிசி, ஒரு பாக்கெட் பொரி. ஹவுராவிலிருந்து காட்பாடி வர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. இறங்கியதும் கடை தேடி அலையாமல் அன்று ராத்திரி தங்கள் ருசியில் ஒரு வாய் சாப்பிட முடியும்.

ரோஜா ஸ்பிரேயை அடித்த அன்று அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். மருந்து ஏறும் காலத்தில் பலருக்கு வாசனையே ஆகாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் டாக்டர் இல்லை, எல்லோருக்கும் அப்படி என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு ஸ்பிரே போயிற்று. மாடியில் ஊதுவத்தி கிடையாது. கீழே நான் பூண்டு தாளிக்கும்போதும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து விரிப்பு மாற்றப் போனபோது சுவரிலிருந்த கண்ணாடி திருப்பி மாட்டியிருந்தது, பின்பக்க அட்டை தெரிந்தது. அவளுக்கு முடி கொட்டிவிட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரி போன நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டினேன். வேண்டுமென்றால் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இன்றும் இரண்டு அறையிலும் அப்படித்தான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். குளியலறையில் வழுக்காத ஸ்டூல் ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கு நாலரை மணிக்கே வெந்நீர். வெறும் வயிற்றோடு போகிறவருக்குத் திரும்பும்போது குடிக்க பிளாஸ்கில் டீ. டாக்டர் சொல்லும் அடுத்த தேதியை வட்டமிட பெரிய கட்டம் போட்ட காலண்டர். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் 2022-ல் திறந்தபின் எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்று சிலர் குழம்புகிறார்கள், அதனால் வந்த அன்றே சீட்டை வாங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

“நோயாளியை வைத்துச் சம்பாதித்துவிட்டுப் பெருமை பேசுகிறாயா” என்று யாராவது எழுதலாம், எங்கள் தெருவிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், வாடகை வாங்குகிறேன். என் வீட்டுக்காரர் போனபின் கரண்ட் பில் கட்டியது அந்த வாடகையில்தான். ஆனால் காலி செய்யும் நாள் தள்ளிப்போகிறது என்பதற்காக யாரிடமும் ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்டதில்லை. உருளைக்கிழங்குக்கும் கடுகு எண்ணெய்க்கும் கணக்கு எழுதியதில்லை.

நாலு மாதம் கழித்து அவர்கள் கிளம்பிப் போன பிறகு மாடிக்குப் போனேன். அரிவாள்மனை பெங்காலி பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. பிரித்தால், துருப்பிடிக்காமல் இருக்க அலகு முழுக்கக் கடுகு எண்ணெய் தடவியிருந்தார் அந்த அம்மா. அதன்பின் மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் காட்பாடிக்கு முன்பே போன் வரும். இப்போது அந்தப் பெண்தான் பேசுகிறாள். அறை காலியாக இருக்கிறதா என்று கேட்குமுன் பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்கும், “திதி, பொட்டி ஆச்சே?” இருக்கு, வாங்க என்பேன்.