குளியலறைக்கு 4.8 லட்சம், கடனுக்கு எவ்வளவு?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு, 22 வருடம் பழசு. நான் ஆசிரியை, கணவர் தனியார் வேலை. இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமியார். வீட்டுக்குள் இருக்கும் ஒரே குளியலறை 8-க்கு 5 அடி. சுவரில் ஓதம், தரை வழுக்குகிறது. இன்டீரியர் வேலை செய்யும் என் நாத்தனார் கணவர் 4.8 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: பாத்டப், கண்ணாடித் தடுப்பு, சுவரில் தொங்கும் குளோசெட் எல்லாம் சேர்த்து. மகளின் சடங்குக்கு வாங்கிய பர்சனல் லோனை ஸ்கூட்டருக்காக ஒருமுறை டாப்-அப் செய்தோம். அதில் இன்னும் 18 மாதம், மாதம் 10,500 கட்டவேண்டும். பாக்கி 1.7 லட்சம். அதையே 6.5 லட்சமாக்கி, 14% வட்டியில் 5 வருடத்துக்குத் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். தவணை 4,600 ரூபாய்தான் கூடுமாம், வரிச்சலுகையும் உண்டாம். கையில் எஃப்.டி. 90,000 இருக்கிறது, தீபாவளிக்குக் கணவருக்கு 40,000 போனஸ் வரும். வேண்டாம் என்றால் மாமியார் வருத்தப்படுவார், மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். என்ன செய்யட்டும்?

பதில்: சிக்கனம் பற்றி உங்களுக்குப் பாடம் தேவையில்லை. இரண்டு சம்பளத்தில் தவணையும் கட்டி எஃப்.டி.யும் வைத்திருக்கிறீர்கள். என் கவலையெல்லாம் அந்த ‘டாப்-அப்’ மேல்தான். சடங்கு முடிந்துவிட்டது, மகளும் வளர்ந்துவிட்டாள், கடனுக்கு மட்டும் வயசே ஆகவில்லை. முடியப்போகிற நேரத்தில் மறுபடி 5 வருடத்துக்கு நீட்டுகிறீர்கள்.

4,600 ரூபாய்தான் கூடுகிறது என்பது எப்படி என்று பாருங்கள். பழைய கடனை அப்படியே கட்டினால் 18 மாதத்தில் 1.89 லட்சத்தோடு ஆள் விடுதலை. டாப்-அப் செய்தால் மாதம் 15,100 வீதம் 60 மாதம், சுமார் 9.07 லட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 7.18 லட்சம். அதுதான் உங்கள் குளியலறையின் உண்மையான விலை. இதில் செயலாக்கக் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும் சேரவில்லை. 2% என்றால்கூட இன்னொரு 15,000 போகும். தவணை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், 18 மாதத்தில் முடியவேண்டிய 1.7 லட்சத்தையும் 60 மாதத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்பதுதான்.

அப்புறம் அந்த வரிச்சலுகை. பழைய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிக்க முடியும். புதிய முறையில் அதுவும் கிடையாது. இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, ஓதத்தையும் வழுக்கலையும் விட்டுவைக்க முடியாது. 71 வயதில் ஒருமுறை வழுக்கினால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு, டைல்ஸ் செலவைச் சாப்பிட்டுவிடும். வேலை நடக்கட்டும். ஆனால் எஸ்டிமேட்டைப் பார்த்தால், அது உங்கள் வீட்டுக்காகப் போட்டது மாதிரியே தெரியவில்லை. 5 அடி அகல அறையில் பாத்டப் போட்டால் ஒரு பக்கம் முழுக்க அதற்கே சரி. அதன் விளிம்பைத் தாண்டி உங்கள் மாமியார் எப்படி உள்ளே இறங்குவார்? போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடித் தடுப்பு ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். தினமும் துடைக்கப்போவது நீங்கள்தான். தொங்கும் குளோசெட்டுக்காகச் சுவருக்குள் மறைத்துவைக்கும் ஃபிளஷ் டேங்க் பழுதானால், அதற்குத் தெரிந்த ஆளைத் தேடி அலையவேண்டும்.

குளோசெட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் கரையும் இடம் அதுதான். 4 அங்குலக் கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறதோ, குளோசெட் அங்கேயே இருக்கட்டும். இடத்தை மாற்றினால் தளத்தை உடைத்து, குழாய்க்கு வாட்டம் பார்த்து, மறுபடி நிரப்பவேண்டும். அதற்குப் பதிலாக, வாஷ்பேசினை வெளியே வராந்தாவில், அதே சுவரின் மறுபக்கம் வையுங்கள். தண்ணீர்க் குழாய் அங்கேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒருவர் குளிக்கும்போது மற்றவர்கள் பல் தேய்க்கலாம். அஞ்சு பேர் வரிசையில் நிற்கும் வீட்டில் எந்த பாத்டப்பையும் விட அதுதான் பெரிய வசதி. உள்ளே கதவருகே குளோசெட்டும், ஜன்னல் பக்கம் குளிக்கும் இடமும் அமைந்தால் நடக்கிற வழி ஓரளவு காய்ந்தே இருக்கும். குளோசெட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும்: உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

டைல்ஸ் கணக்கு: 7 அடி உயரத்துக்குச் சுவரும் தரையும் சேதாரமும் சேர்த்து சுமார் 225 சதுர அடி. சதுர அடி 65 ரூபாய் என்றால் 14,600. எஸ்டிமேட்டில் இருக்கும் 180 ரூபாய் டைல்ஸ் என்றால் 40,500. தரைக்கு மட்டும் சொரசொரப்பானது வாங்குங்கள், சுவருக்கு எதுவானாலும் பரவாயில்லை. உடைப்பு, வாட்டர்புரூஃபிங் 30,000. குழாய் வேலை 35,000. டைல்ஸும் ஒட்டும் கூலியும் சிமென்ட்டும் 36,000. குளோசெட், பேசின் 15,000. கதவு, மின்வேலை, கம்பி 16,000. ஆக 1.32 லட்சம். உடைத்துப் பார்த்தால் ஏதாவது கிளம்பும், 1.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.டி. 90,000, போனஸ் 40,000. கூடுதல் தவணையாகக் கட்டத் தயாராக இருந்த அந்த 4,600-ஐ ஐந்து மாதம் ஒதுக்கினால் 23,000. முடிந்தது. எஃப்.டி.யைக் காலி செய்வது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் 18 மாதம் கழித்துப் பழைய கடன் தீர்ந்ததும், அதே 10,500 ஒன்பது மாதத்தில் அதை நிரப்பிவிடும். அதுவரை ஒரு டாப்-அப் அழைப்புக்கும் பதில் சொல்லாதீர்கள்.

இனி மாப்பிள்ளை. வேலையை அவருக்கே கொடுங்கள், மாமியார் மனசும் குளிரும். ஆனால் கூலிக்கு மட்டும். சாமானை நீங்களும் கணவரும் கடையில் பில் போட்டு வாங்குங்கள். இதை உங்கள் கணவர் வாயால் சொல்லவேண்டும், நீங்கள் சொன்னால் குடும்பப் பிரச்சினையாகிவிடும். பணம் மூன்று தவணையாக: உடைத்ததும் ஒன்று, வாட்டர்புரூஃபிங் முடித்துத் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்து, பக்கத்து அறைச் சுவரில் ஈரம் இல்லை என்றால் ஒன்று, கடைசியில் மிச்சம். அந்தத் தண்ணீர்ச் சோதனை முடியாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்டவிடாதீர்கள்.

வேலை நடக்கும் மூன்று வாரம் எல்லோரும் எங்கே குளிப்பது என்று நீங்கள் எழுதவில்லை. கொல்லைப்புறத்தில் பழைய குளியலறை இருந்தால், உடைக்க ஆரம்பிக்கும் முன் அங்கே ஒரு விளக்கும் தாழ்ப்பாளும் மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுவிடுங்கள்.