சென்னையில் புடலை காய்க்கிறது, ஸ்கார்பரோவில் எப்போது விதைப்பது?

கேள்வி: நான் கனடாவில், டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறேன். மார்ச் முடியப்போகிறது. சென்னைத் தோழி பந்தலில் தொங்கும் புடலங்காயைப் படம் எடுத்து அனுப்புகிறாள். லண்டன் தோழி தோட்டத்தில் பட்டாணி விதைத்துவிட்டாளாம். இங்கும் பனி உருகி, நேற்று 12 டிகிரி அடித்தது. தக்காளி, மிளகாய், அவரை எல்லாம் மண்ணில் போடலாமா? போன வருடம் வீட்டுக்குள் போட்ட நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிட்டது.

பதில்: மண்ணில் இப்போது வேண்டாம். பகல் 12 டிகிரி வந்தாலும் இரவில் உறைபனி விழும். டொரன்டோ பக்கம் மே முதல் பாதி வரை அந்த பயம் உண்டு. அதனால்தான் அங்கே பலரும் விக்டோரியா தினம் வரை, அதாவது மே 25-க்கு முந்தைய திங்கள் வரை, பொறுத்திருந்து நடுகிறார்கள்.

லண்டன் தோழியைப் பார்த்து அவசரப்படாதீர்கள். லண்டன் உங்களைவிட வடக்கே இருந்தாலும் அட்லாண்டிக் கடல் அதன் குளிரைத் தணித்துவிடுகிறது. ஆனால் கோடையில் வெயில் உங்கள் பக்கம்தான் அதிகம். புடலையும் பாகலும் திறந்த வெளியில் காய்க்க ஸ்கார்பரோ லண்டனைவிட நல்ல இடம். கோடை முடிவதற்குள் நீங்கள் படம் அனுப்பலாம்!

மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை. வீட்டுக்குள் இப்போதே விதையுங்கள். முளைக்க 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஜன்னலோரம் இரவில் குளிரும் என்பதால் முளைக்கும் வரை வேறு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தக்காளிக்கு ஏப்ரல் முதல் வாரம் சரி. புடலை, பாகலை ஏப்ரல் கடைசியில் ஒரு இரவு ஊறவைத்து, தொட்டிக்கு ஒன்றாகப் போடுங்கள். வேரைக் கலைத்தால் இவற்றுக்குப் பிடிக்காது.

நாற்று சாய்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. சாதாரண எல்இடி குழல்விளக்கு போதும். இலைக்கு நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். முளை தெரிந்த அன்றே விளக்குக்கு அடியில் வந்துவிட வேண்டும். நடுவதற்கு முன் ஒரு வாரமாவது வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டலாம். இரவும் 10 டிகிரிக்குக் கீழே போகாத பிறகுதான் கத்தரியும் மிளகாயும் மண்ணுக்குப் போக வேண்டும்.

கை சும்மா இருக்காது என்றால், ஏப்ரலில் மண் கிளறும் பதத்துக்கு வந்ததும் பட்டாணி, முள்ளங்கி, கொத்தமல்லி போடுங்கள். லேசான குளிரை இவை தாங்கும்.

அவரை விஷயம் வேறு. ஊர்க் கொடி அவரையில் பல வகைகள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். சென்னையில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. உங்களுக்கு ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல். கொடி கூரை வரை ஏறும், பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில் பூத்தால், காய் முற்றுமுன் உறைபனி வந்துவிடும். எந்தப் பருவத்திலும் காய்க்கும் செடி அவரை வகையைத் தேடுங்கள். தோழியிடம் விதை கேட்பதாக இருந்தால், வெளிநாட்டு விதை வரவழைக்கக் கனடாவில் விதிகள் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.