ஆசிட் டேங்கர் கவிழ்ந்து புகை கிளம்பினால் தண்ணீர் அடிக்கலாமா?

கேள்வி: நெடுஞ்சாலையில் ஆசிட் டேங்கர் கவிழ்ந்து வெள்ளைப் புகை வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஹோஸ் பைப்பை இழுத்துவந்தபோது டிரைவர் கத்தித் தடுத்துவிட்டார். அவர் செய்தது சரியா?

நூற்றுக்கு நூறு சரி. அந்த டிரைவருக்கு யாராவது நன்றி சொல்லியிருந்தால் சந்தோஷம்.

குஜராத்தில் சாயப்பொருள் ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஓலியம் (புகையும் கந்தக அமிலம்), குளோரோசல்ஃபோனிக் அமிலம், தயோனைல் குளோரைடு எல்லாம் அங்கே டேங்கரில் வந்து இறங்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை தீயால் வருவதல்ல. ஓலியம் என்றால், அதில் கரைந்திருக்கும் சல்ஃபர் டிரையாக்சைடு வெளியே வந்ததும் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக் கந்தக அமிலத் துளிகளாகிவிடும். தயோனைல் குளோரைடு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் கிளம்பும். காற்றின் ஈரமே இவ்வளவு செய்கிறதென்றால் ஹோஸ் பைப் தண்ணீர் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல 1.84 மடங்கு கனமானது. மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே நின்று, அந்தச் சூட்டில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்க வைக்கும். பைப்பைப் பிடித்திருப்பவர் முகத்தில்தான் முதலில் விழும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து டேங்கருக்குள்ளே இருக்கிறது. 98 சதவீத அமிலத்தைச் சாதாரண இரும்புத் தொட்டியில் வைக்கலாம், ஏனென்றால் உட்சுவரில் இரும்பு சல்ஃபேட் படலம் ஒன்று படிந்து காக்கிறது. ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போனால் அமிலம் நீர்த்துவிடும். நீர்த்த அமிலம் இரும்பை அரித்து ஹைட்ரஜனை வெளிவிடும். பிறகு ஒரு பொறி போதும், வெடிக்க.

1985 டிசம்பர் 4, போபாலின் முதலாண்டு நினைவு நாளுக்கு மறுநாள், டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் கசிந்தது. தீஸ் ஹஸாரி நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் இறந்தார். ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, முழுப்பொறுப்பும் அவருடையதே என்று உச்சநீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது இந்த வழக்கில்தான். கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1993 ஜூலை 26 அன்று நடந்தது வேறு மாதிரி. ஓலியம் குளிரில் உறையும். இளக்குவதற்காக ரயில் டேங்கரைச் சூடாக்கியபோது அழுத்தம் ஏறி, பாதுகாப்புத் தகடு உடைந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் வெளியேறியது. 20,000-க்கும் அதிகமானோர் சிகிச்சை தேடிப் போனார்கள். ஒரே ஒரு டேங்கர், அதுவும் கவிழவில்லை. சாலையில் போகும் டேங்கரை நான் இலேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் தள்ளிப் போங்கள். காற்று வரும் திசைக்கு, மேடான பக்கமாக. சில நூறு மீட்டராவது, புகை அதிகமென்றால் இன்னும் தொலைவு. வீடியோ எடுக்க யாரும் பக்கத்தில் போக வேண்டாம். வீட்டுக்குள் இருந்தால் கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். 112 அல்லது 101-ஐ அழைக்கும்போது "ஆசிட் லாரி" என்பதோடு நிறுத்தாதீர்கள். டேங்கரில் எழுதியிருக்கும் அவசரத் தகவல் பலகையில் ரசாயனத்தின் பெயரும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணும் இருக்கும். 1831 என்றால் ஓலியம், 1836 தயோனைல் குளோரைடு, 1754 குளோரோசல்ஃபோனிக் அமிலம். தூரத்திலிருந்தே போனில் ஜூம் செய்து படித்துச் சொன்னால், தீயணைப்பு வண்டி சரியான பொருள்களோடு கிளம்பும். டிரைவர் கேபினில் டிரெம் கார்டும் (விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டை) இருக்க வேண்டும்.

வருகிறவர்கள் தண்ணீரே தொட மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. காற்று போகும் பக்கத்தில் மெல்லிய தூவலாகத் திரைபோட்டு ஆவியை அடக்குவார்கள். தேங்கி நிற்கும் அமிலத்தில் ஒரு துளித் தண்ணீர்கூடப் படாதபடி, வழியும் அமிலத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாதபடி மண்ணணை கட்டிச் செய்ய வேண்டிய வேலை அது. மூச்சுக்கருவியும் ரசாயன உடுப்பும் இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை.

தரையில் கொட்டியதை மணலால்தான் கட்டுவோம், அதுவும் காய்ந்த மணல். மழைக்காலம் வந்தாலே எங்கள் ஆலையில் மணல் வாளிகளைத் திறந்து கையால் அளைந்து பார்ப்போம். பிடித்தால் கட்டியாக நிற்கும் மணலை அள்ளிப் போட்டால் "சுர்ர்" என்று சத்தத்தோடு புகை எழும்பும். அதைவிடப் போடாமல் இருக்கலாம். மரத்தூள் கூடவே கூடாது, கருகித் தீப்பிடிக்கும். சோடா சாம்பலும் சுண்ணாம்பும் கடைசியில்தான், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. எடுத்த எடுப்பில் மூட்டையைக் கொட்டினால் அந்தச் சூடே இன்னொரு விபத்து.

ஆனால் ஆள் மேல் பட்டுவிட்டால் விதி தலைகீழ். அங்கே தண்ணீர்தான் மருந்து, ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள். "தண்ணீர் பட்டால் சூடாகுமே" என்று பயந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சமாகத் தெளித்தால்தான் அந்தக் கவலை, வெள்ளமாகக் கொட்டினால் சூட்டையும் அதுவே அடித்துக்கொண்டு போகும். உடுப்பைக் கழற்றிக்கொண்டே, குறைந்தது 20 நிமிடம். கண்ணில் பட்டவர் வலியில் இறுக்கி மூடிக்கொள்வார், இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். இங்க், மாவு, மஞ்சள், சோடா உப்பு எதுவும் வேண்டாம். கழுவிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

புகையைச் சுவாசித்தவர் "இப்போ பரவாயில்ல" என்று வீட்டுக்குக் கிளம்பினால் விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ரசாயனத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.